பெண்கள் பக்கத்துத் தாளம்

எனக்கு வாய் அதிகம், முன்கோபமும் அதிகம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். அந்த வாயாலேயே ஒருமுறை என் வீட்டுக்காரரின் பிழைப்பில் மண்ணள்ளிப் போடப் பார்த்தேன். அப்படியும் அந்த நாட்களை இன்று நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது. மதுரையில் நாங்கள் சந்தா கட்டியிருந்த சங்கீத சபாவில் எங்களைக் காப்பாற்றிய இரண்டு பேருக்கு நான் வாய்விட்டு நன்றி சொன்னதே இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

யுத்தம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முந்திய கதை இது. நான் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவர் ஒரு பஞ்சாலை ஆபீசில் கடிதங்கள் எழுதும் குமாஸ்தா. இரண்டு பேருமே வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். பிறந்ததிலிருந்து கோவிலில் கீர்த்தனை பாடி வளர்ந்தவர்கள். தாளம் எங்களுக்குச் சின்ன வயசிலேயே கையில் வந்து உட்கார்ந்துவிட்டது. ராகங்களின் பெயர்தான் கல்யாணத்துக்கு அப்புறம் சபாவில் தெரிந்தது. மேடையில் வித்வான் ஆலாபனையை எடுத்ததும், அட, இது நம்ம பெரிய வெள்ளிக்கிழமை மெட்டு ஆச்சே என்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவில், சாயங்காலம் சபா. போதகர் ஒருநாள் லேசாக இழுத்தார். "ஐயா, காலையில கும்பிட வேண்டியதக் கும்பிட்டுட்டுத்தானே சாயங்காலம் போறோம்" என்றேன். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை.

சபா என்றால் பெரிய மாளிகை ஒன்றும் இல்லை. தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை, ஒரு பக்கம் மேடை. வருஷ ஆரம்பத்தில் சந்தா கட்டினால் ஒரு சீட்டுத் தருவார்கள். அந்த வருஷத்துக் கச்சேரி முழுவதற்கும் அதுதான். சீட்டு ஆண்பிள்ளை பெயரில் இருக்கும். அதன் கீழே 'மனைவியுடன்' என்று எழுதியிருக்கும். ஆளுக்கொரு நாற்காலி, வருஷம் பூராவும் அதே நம்பர். ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம், நடுவில் நடக்க வழி. எனக்கு வாய்த்தது மூன்றாம் வரிசையில் வழியோரத்து நாற்காலி. அவருக்கு வாய்த்ததும் எதிர்ப்பக்கம் அதே வரிசையில் வழியோரம். இதற்கு நான் கர்த்தருக்கு எத்தனை தரம் ஸ்தோத்திரம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இரண்டாம் வருஷம் சந்தா கட்டிய மறுமாதம் அவருக்கு டைபாய்டு காய்ச்சல் கண்டது. மூன்று வாரம் நினைவில்லாமல் கிடந்தார். உயிர் மிஞ்சியது, காது மிஞ்சவில்லை. வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது காதில் வாயை வைத்துக் கத்தினால் ஏதோ கொஞ்சம் விழும். அது எனக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும்; வேறு யாருக்கும் தெரியக்கூடாது என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். காரணம் உண்டு. அதற்கு முந்தின வருஷம்தான் அவருடைய ஆபீசில் கண் மங்கிப்போன ஒருவருக்கு மாலை போட்டு, காபி கொடுத்து, வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். செவிட்டுக் குமாஸ்தாவை எவன் வைத்துக்கொள்வான்? முப்பத்தைந்து வயசு அவருக்கு.

ஆபீசில் சமாளிப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. பக்கத்துக் கட்டிடத்தில் மிஷின் ஓடுகிற சத்தத்தில் அங்கே எல்லாருமே கத்தித்தான் பேசுவார்கள். இவர் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார். சங்கடம் மானேஜரால் வந்தது. அவர் ஒரு சங்கீதப் பைத்தியம். சபாவில் அவருக்கு முன்வரிசை சோபா. திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக இவரைக் கூப்பிட்டு, "என்னய்யா, நேத்துக் கச்சேரி எப்படி?" என்று கேட்டு அரைமணி நேரம் பேசினால்தான் அவருக்கு அந்த வாரமே விடியும். இவர் சபாவுக்கு வராமல் நின்றால் ஏன் என்று கேட்பார். வந்து மரம் மாதிரி உட்கார்ந்திருந்தாலும் கேட்பார்.

"அப்ப வந்துதான் ஆகணும்" என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். பள்ளிக்கூடத்துச் சிலேட்டு ஒன்று எங்களுக்குள் பேச்சுக்கென்று வீட்டில் இருந்தது.

"வந்து? எங்கிட்டு என்ன பாடுறான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர், தெருமுனை வரை கேட்கும்படி. காது போனதும் தன் குரல் எவ்வளவு என்பதும் அவருக்குத் தெரியாமல் போயிற்று.

"என் கையைப் பாருங்க" என்று எழுதினேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்துச் சபாவில் ஆண்கள் தொடையில் தட்டித் தாளம் போடுவார்கள். பெரிய ரசிகர் என்றால் பெரிய சத்தமாகத் தட்டுவார். பெண்கள் போடுவதில்லை. போடத் தெரிந்தவர்கள் முந்தானைக்குள் விரலை எண்ணிக்கொள்வார்கள். வெளியே தெரிய ஒரு பெண்பிள்ளை தாளம் போட்டால் அது மேடையில் ஆடுகிறவர்கள் செய்கிற காரியம் என்று பேச்சு. நான் இடதுகையை மடியில் மலர்த்தி வைத்து, வலதுகையால் நன்றாகத் தூக்கித் தூக்கிப் போட்டேன், வழிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்குத் தெரிய வேண்டுமே. அவர் மேடையைப் பார்க்கிற மாதிரி கழுத்தை வைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துத் தாளம் போடுவார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்தால் அவர் 'ஆகா' என்று தலையை ஆட்ட வேண்டும். வாயைத் திறந்து பலே சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தேன், அந்தக் குரல் கொட்டகையையே தூக்கிவிடும்.

நன்றாகத்தான் நடந்தது, ஒருநாள் தவிர. சித்திரை மாத வெயில். கொட்டகைக்குள் அடுப்பில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வயலின்காரர் தந்தி அறுந்து வேறு மாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வேர்த்து ஊற்ற, நான் பாட்டுக்கு முகத்தைத் துடைத்தேன். இவர் கண்ணை மூடி அப்படியொரு ஆனந்தமாகத் தலையை ஆட்டினார். அந்த வயலின்காரர் முறுக்காணியைத் திருகுவதை நிறுத்திவிட்டு இவரையே பார்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் வயிறு வலித்துப்போயிற்று.

ஞாயிறு ராத்திரி சாப்பாடு ஆனதும் சிலேட்டை எடுப்போம். என்ன பாடினார்கள், எது தேறியது, எது தேறவில்லை என்று எழுதுவேன். சுருதிக்கு வயலின் கொஞ்சம் இறங்கியிருந்தது, பாடினவர் அதை இழுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் தானும் கூடவே இறங்கிவந்தார் என்று எழுதினால், அவர் அப்படியே நெட்டுருப் போட்டுக்கொண்டு போய் மறுநாள் ஒப்பிப்பார். மானேஜர் மேஜையைத் தட்டுவாராம். "நானும் அதத்தான்யா நினைச்சேன்! உம்ம ரசனை ரசனைய்யா!" என்பாராம். இவர் வந்து சந்தோஷமாகச் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பார்த்தது கேட்டது எல்லாம் நான், பாராட்டு இவருக்கு. "நாளைக்கு நீங்களே ஏதாச்சும் சொல்லிக்கோங்க போங்க" என்று சிலேட்டைத் தள்ளிவிடுவேன். அவர் அதைத் திரும்ப என் பக்கம் தள்ளுவார்.

ராகத்தின் பெயரை எழுதியதும் சில நாள் அவர் கண்ணை மூடிக்கொள்வார். விரல் மட்டும் பாயில் அசைந்துகொண்டிருக்கும். அந்த ராகத்தை உள்ளுக்குள் ஓட்டிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். அப்போதெல்லாம் எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழலாம் போலிருக்கும்.

ஐப்பசியில் ஒரு கச்சேரி நடுவில் பேய் மழை பிடித்தது. தகரக் கூரையில் மழை விழுந்தால் கேட்க வேண்டுமா? பாடுகிறவர் வாய் அசைகிறது, மிருதங்கக்காரர் கை அசைகிறது, ஒரு சத்தம் கேட்கவில்லை. மானேஜர் காதைக் குடைகிறார். எல்லாரும் முழிக்கிறார்கள். நானும் எங்கே எடுப்பு, எங்கே முடிப்பு என்று தெரியாமல் கையை நிறுத்திவிட்டேன். இவர் மட்டும் மிருதங்கக்காரர் கையைப் பார்த்து ஒழுங்காகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வருகிற வழியில் ஜட்கா வண்டிக்குள் சிரித்தார், காய்ச்சலுக்கு அப்புறம் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "இன்னைக்கு அம்புட்டுப் பேரும் என்னைய மாதிரிதான்!" என்று கத்தினார். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. அதற்கடுத்த வருஷம்தான் எனக்குப் பின் வரிசைக்கு வக்கீல் வீட்டம்மா வந்து சேர்ந்தார். அலங்காநல்லூர்ப் பக்கம் நிலபுலம் உள்ள பெரிய சம்சாரி வீட்டுப் பெண். வக்கீல் சபாவின் உபதலைவர் ஆனதால் இந்த அம்மா வந்தாக வேண்டியிருந்தது. சங்கீதம் என்றால் அவருக்குக் கொட்டாவிதான். பாட்டு பிடிபடாததால் என் கையைத்தான் முழு நேரமும் பார்த்தார் போலிருக்கிறது.

"ஆத்தாடி, இது என்ன கூத்து! பொம்பளப் பிள்ளை இப்படிக் கையை வீசுது!" என்று முதல் நாள் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். இரண்டாம் நாள் எனக்கே கேட்கும்படி சொன்னார். நான் இன்னும் உயரத் தூக்கிப் போட்டேன்.

ஒரு சனிக்கிழமை சபா காரியதரிசி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நல்ல மனுஷர், பாவம், தரையைப் பார்த்தே பேசினார். மாதர்கள் பகுதியில் தாளம் போடுவது சிலருக்கு மனக்குறையாக இருக்கிறதாம். நிறுத்திக்கொண்டால் நல்லது, இல்லாவிட்டால் என் நாற்காலியைப் பின்னால் தூணுக்கு அந்தப் பக்கம் மாற்றவேண்டி வருமாம். தூணுக்கு அந்தப் பக்கம் போனால் அவர் என் கையை எப்படிப் பார்ப்பார்?

எனக்குக் கண்ணு மண்ணு தெரியவில்லை. காரியதரிசி தெருவைத் தாண்டுவதற்குள் நான் செருப்பை மாட்டிக்கொண்டு வக்கீல் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டேன். அந்த அம்மா கூடத்தில் உட்கார்ந்து மல்லிகைப் பூ கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சரம்மா" என்றார், ஒன்றும் நடக்காத மாதிரி.

"வாரேன், நல்லாத்தான் வாரேன்! உங்களுக்கு நான் என்ன கெடுதி பண்ணுனேன்? என் கை, என் தாளம். உங்களுக்கு எங்க வலிக்குது?"

"நாலு பேரு பாக்கிற எடத்துல பொம்பளைக்கு ஒரு அடக்கம் வேணாமா?"

"அடக்கமா? என் புருஷனுக்குக் காது கேக்காது! என் கையைப் பாத்துத்தான் அந்த மனுஷன் கேக்கிற மாதிரி உக்காந்திருக்காரு! தெரிஞ்சா வேலை போயிரும்! போதுமா? இப்ப சந்தோஷமா?"

சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் திரும்பி வந்துவிட்டேன். பாதி வழியில்தான் உறைத்தது. வக்கீலும் மானேஜரும் தினம் சாயங்காலம் ஒரே கிளப்பில் ஒரே மேஜையில் சீட்டாடுகிறவர்கள். இரண்டு வருஷம் இரண்டு பேரும் பொத்திப் பொத்தி வைத்ததை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறேன்! ஐயோ, இந்த வாயை வைத்துக்கொண்டு ஒருநாளாவது சும்மா இருந்திருக்கிறேனா? வைகைப் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. மறுநாள் ஞாயிறு கச்சேரி இல்லை; அடுத்ததற்கு எட்டு நாள் இருந்தது. எட்டு நாளும் அவர் ஆபீசிலிருந்து வரும்போது முகத்தைப் பார்ப்பேன். கையில் மாலை இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். இரண்டு நாள் சோற்றைக் குழைத்துவிட்டேன். "என்ன, ஒடம்புக்கு ஆகலையா?" என்று கேட்டார். தலைவலி என்று எழுதினேன். ராத்திரி ஜெபத்தில் ஆண்டவரே, என் வாய்க்கு நீர் என்னைத் தண்டியும், அவரை விட்டுவிடும் என்றுதான் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சபாவுக்குப் போனபோது என் பக்கத்து நாற்காலியில் வக்கீல் வீட்டம்மா உட்கார்ந்திருந்தார். அங்கே வழக்கமாக இருப்பவரோடு இடம் மாற்றிக்கொண்டிருக்கிறார். நான் அவரைப் பார்க்கவே இல்லை. கையை மடியில் கோத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தேன். வர்ணம் ஆரம்பித்தது. எதிர்ப்பக்கம் அவர் என் கைக்காகக் காத்துக்கொண்டிருப்பது பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. கையைத் தூக்கினால் தூணுக்குப் பின்னால். தூக்காவிட்டால் அவர் கதி?

திடீரென்று பக்கத்தில் 'பளார்' என்று ஒரு சத்தம். வக்கீல் வீட்டம்மா தன் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டியிருந்தார். அப்புறம் ஒரு விரல், இன்னொரு விரல், மறுபடி ஒரு தட்டு. வரிசையே திரும்பிப் பார்த்தது.

என் பக்கம் சாய்ந்து, "எந்த வெரலு மொதல்ல, டீச்சரு?" என்று கேட்டார்.

"சுண்டு விரல்" என்றேன்.

"அன்னைக்குச் சொல்லிட்டு ஓடிட்ட. நில்லுன்னு கூப்பிடக் கூப்பிட நிக்கல. இத மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன? எங்க வீட்டுக்காரருகிட்டக்கூட நான் வாயத் தொறக்கல. போடு தாளத்த. அந்த மனுஷன் முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு பாரு."

போட்டேன். கண்ணீர் ஒருபக்கம் ஓட, கை ஒருபக்கம் தாளம் போட்டது. காரியதரிசி எங்களைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார். பக்கத்தில் வந்ததும் தட்டுகிற தொடை யாருடையது என்று தெரிந்தது. உபதலைவர் வீட்டு அம்மாவிடம் யார் போய் அடக்கம் பேசுவது? அப்படியே மேடைக்குத் தண்ணீர் கொண்டுபோகிறவர் மாதிரி நேராக நடந்து போய்விட்டார். பல்லவி வருவதற்குள் பின் வரிசையில் இன்னும் இரண்டு பெண்கள் முந்தானைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்துவிட்டார்கள். வக்கீல் வீட்டம்மாவின் தாளம் எங்கேயோ போயிற்று. அது வேறு ஊர்க் கச்சேரிக்கு. என்னுடையதை அவருடையது இழுக்காமல் காப்பாற்றுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்போதுதான் முன்வரிசையில் மானேஜர் திரும்பினார். முதலில் பெண்கள் பக்கத்து நாலு கைகளையும் பார்த்தார். அப்புறம் மெதுவாக என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அப்புறம் மறுபடி என் கையைப் பார்த்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கிற நேரம். வீட்டுக்காரர் வந்து வாசலில் நிற்கிறார் என்று பள்ளிக்கூடத்துக் காவல்காரர் வந்து சொன்னார். அவர் ஒருநாளும் அப்படி ஆபீஸ் நேரத்தில் வந்ததில்லை. ஓட்டமாக ஓடினேன். வேப்பமரத்தடியில் நின்றார், முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு கடிதத்தை நீட்டினார். மானேஜர் கையெழுத்து.

"உமக்குக் காது கேட்பதில்லை என்பது எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். மில் சங்கு ஊதும்போது இந்த ஆபீசில் எல்லாரும் பேச்சைப் பாதியில் நிறுத்துவார்கள். நீர் ஒருவர்தான் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருப்பீர். உம்முடைய கடிதங்களில் பிழை இருந்ததில்லை. வேலைக்கு அது போதும். இனிமேல் திங்கட்கிழமை என் முன்னால் நின்று அவஸ்தைப்பட வேண்டாம். நேற்றைய பல்லவியைப் பற்றி உம் வீட்டம்மா என்ன நினைக்கிறார்கள் என்பதை அவர்களையே எழுதித் தரச் சொல்லும். நேற்று பெண்கள் பக்கம் நாலு பேர் தாளம் போட்டார்கள். ஒருவர் போட்டதுதான் சரி."

இரண்டு தரம் படித்தேன். மரத்து வேரிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த மனுஷர் இரண்டு வருஷமும் தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறார், மேஜையைத் தட்டியிருக்கிறார். இவர் மானத்துக்கு ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். இப்படியும் மனிதர்களை வைத்திருக்கிறாயே சாமி என்று அழுதேன்.

அழுது முடித்ததும் ஒன்று தோன்றியது. கேட்காத காதோடு மணிக்கணக்காக அந்த வெக்கையில் உட்கார்ந்து கழுத்து வலிக்க என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் தண்டனை இவருக்கு இனி எதற்கு? காவல்காரரிடம் பென்சில் வாங்கி, கடிதத்தின் பின்னால் எழுதினேன். "இனி வேலைக்குப் பயமில்லை. நீங்கள் சபாவுக்கு வந்து கஷ்டப்பட வேண்டாம். வக்கீல் வீட்டம்மாவோடு நான் போய்க்கொள்கிறேன்."

படித்தார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சோற்று மணிக்கு வெளியே வந்திருந்த அத்தனை பிள்ளைகளும், மாடியில் நின்ற பெரிய டீச்சரும் கேட்கும்படி கத்தினார்.

"என்னைய விட்டுட்டு நீ மட்டும் போயி, யாரப் பாத்துடி தாளம் போடுவ?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். பள்ளிக்கூடத்தையே அதட்டி அடக்குகிற நான் அன்றைக்கு யாரையும் அதட்டவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேர் நடுவிலும் நின்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கெல்லாம் இரண்டு பேரும் கிளம்பிவிட்டோம்.